லைவ் சோனார் வாங்க நினைக்கும் அருப்புக்கோட்டைத் தம்பிக்கு



உன் கடிதம் கிடைத்தது. மில்லில் இரவு ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் கண்மாய்க் கரைக்குப் போகிற ஆள் நீ. பாசி மேல் ரப்பர் தவளையை இழுத்து விராலை எழுப்பத் தெரிந்த கை உன்னுடையது. அதனால் நீ விளையாட்டாகக் கேட்கவில்லை என்று தெரியும். சேர்த்து வைத்த பணத்தில் லைவ் சோனார் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கண்மாய்க்கு வாங்காதே. அணைக்கட்டு மீனைப் பழகப் போகிறாய் என்றால் யோசிக்கலாம், அதுவும் தனியாக வாங்காமல் நாலு பேர் சேர்ந்து. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

விசைப்படகுகளில் இருக்கிற எக்கோ சவுண்டரை நீ ராமேஸ்வரத்தில் பார்த்திருப்பாய். படகுக்கு நேர் கீழே ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைத் திரையில் கோடாக வரைந்துகொண்டே போகும். படகு கடந்து வந்த இடம்தான் அதில் தெரியும். மீன் பிறை வடிவில் விழும், நீ பார்க்கும்போது அது அங்கே இருக்கலாம், போயிருக்கலாம். 2018-இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப் என்ற லைவ் சோனாரைக் கொண்டுவந்தபோது இந்த நிலை மாறியது. லோரன்ஸின் ஆக்டிவ் டார்கெட், ஹம்மின்பேர்டின் மெகா லைவ் எல்லாம் பின்னால் வந்தவை. இவற்றில் ஒலியை அனுப்பி வாங்குகிற டிரான்ஸ்டியூசருக்குள் பல படிகங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒலிக்கிற நேரத்தைத் துளி முன்பின்னாக மாற்றினால், எதையும் அசைக்காமலே ஒலிக்கற்றை திசை திரும்பும். தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடுகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்கும் மீனைத் தொட்டுத் திரும்பி வர ஒரு விநாடியில் எழுபத்தைந்தில் ஒரு பங்குதான் ஆகும். ஆகவே மீன் திரும்புவதும் வால் அடிப்பதும் அந்தக் கணமே திரையில் தெரிகிறது. மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும், அதனால்தான் மீன் அவ்வளவு பளிச்சென்று விழுகிறது.

கரிசல் கலங்கலில் கண் ஒரு சாண் கூடப் போகாது, ஒலி போகும். நம் தண்ணீருக்கென்றே செய்த கருவி என்று நீ எழுதியிருப்பது இதை வைத்துத்தான். நியாயமான நினைப்பு. ஆனால் கலங்கலைத் தாண்டியும் சங்கதி இருக்கிறது.

நான் இதை முதலில் பார்த்தது மலேசியாவில், திரெங்கானு பக்கம் கென்யிர் ஏரியில், சொந்தக்காரப் பையன் ஒருவனுடைய படகில். 1985-இல் அணை முடிந்து காடு மூழ்கி உண்டான ஏரி அது. செத்த மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நின்றபடி இருக்கின்றன. அங்கே தேடிப் போவது தோமான், விரால் குடும்பத்திலேயே பெரிய மீன்களில் ஒன்று. திரையில் மரம் செங்குத்தாக ஒரு வெள்ளைக் கீற்று. அதன் பக்கத்தில் அசையாமல் ஒரு நெல்மணி அளவு வெளிச்சம். பையன் தூண்டில் வீசினான். லூர் இறங்குவது சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. பெரிய வெளிச்சம் மரத்தை விட்டு விலகியது, பின்னாலேயே வந்தது, கிட்டே வந்து நின்றது. பையன் ரீலை நிறுத்தினான். மீன் திரும்பிப் போய்விட்டது. மறுபடி வீசினான், அதே போல வந்தது, அதே இடத்தில் நின்றது. அவன் சுற்றுவதை மெதுவாக்காமல், வேகமாக்கியபோது கடித்தது. கரையில் நிற்கிறவனுக்கு இது எதுவும் தெரியாது. மீன் இல்லை என்று இடம் மாறியிருப்பான். மீன் வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போகிற அந்தக் காட்சி, தம்பி, ஒரு தூண்டில்காரனுக்குப் பெரிய பாடம். கருவிக்கு நான் தரும் மரியாதை எல்லாம் இதற்காகத்தான்.

இப்போது அந்தக் கருவியை நம் கண்மாய்க்குள் இறக்கிப் பார்ப்போம். நிறைந்து கலுங்கு பாய்கிற வருஷத்திலேயே கரையோரம் இரண்டு ஆள் ஆழம் இருந்தால் அதிகம். உள்வாய்ப் பக்கம் இடுப்பளவு, முழங்காலளவு. அவ்வளவு குறைந்த தண்ணீரில் ஒலி மேற்பரப்பிலும் அடியிலும் மாறி மாறி மோதித் திரும்பும், திரை முழுக்கப் புகை மூட்டம். லைவ்ஸ்கோப்பின் கற்றை ஒரு பக்கம் 135 பாகை விரியும், மறுபக்கம் 20 பாகைதான். முறத்தைச் செங்குத்தாகப் பிடித்தது போல் வைத்தால் முன்னால் ஒரு சின்னக் கீற்றுத்தான் தெரியும். முறத்தைப் படுக்கப் போட்டது போலத் திருப்பிவைக்கும் முறை ஒன்று உண்டு, ஆழமில்லாத தண்ணீருக்கு அதுதான் சரி. அப்படி வைத்தாலும் கண்மாய்க்குள் சமூகக் காடு வளர்ப்பில் நட்ட நாட்டுக் கருவேல மரங்கள், தானாக முளைத்த சீமைக் கருவேல், நெய்வேலிக் காட்டாமணக்கு, பாசி எல்லாம் குறுக்கே நிற்கும். இலை மக்கிய சேற்றிலிருந்து கொப்புளம் கொப்புளமாக வாயு எழும்பும், ஒவ்வொன்றும் திரையில் ஒரு மீன் குஞ்சுபோல மின்னும். இதில் விராலைப் பிரித்தறிய உனக்கு ஒரு வருஷம் ஆகும். அந்த வருஷத்தில் நாலைந்து மாதம்தான் தண்ணீர் இருக்கும். அதோடு டிரான்ஸ்டியூசர், பெட்டி, திரை, பேட்டரி எல்லாம் சேர்த்து இங்கே வந்து இறங்கும்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். உச்சி வெயிலில் அந்தத் திரையில் உன் முகம்தான் தெரியும்.

இன்னொன்று. விரால் மேலே வந்து காற்று குடிக்கிற மீன். செவுளுக்கு மேலே அதற்கென்று அறை இருக்கிறது. எவ்வளவு நேரம் அடியில் கிடந்தாலும் ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வந்த இடம், போன திசை, அடுத்து எங்கே எழும்பும் என்பதைக் கரையில் உட்கார்ந்தே கணக்குப் போடலாம். நீ இதைச் செய்கிறாய் என்று நீ அனுப்பிய படங்களிலேயே தெரிகிறது, பாசியில் ஓட்டை விழுந்த இடங்களைத்தான் படம் எடுத்திருக்கிறாய். குறவைக்கும் பனையேறிக் கெண்டைக்கும் இதே குணம். தன்னைத் தானே காட்டிக்கொள்கிற மீனுக்கு ஒரு லட்ச ரூபாய்க் கண் எதற்கு?

மீன் தேடும் கருவி பிறந்த கதையைக் கேட்டால் உனக்கு வியப்பாக இருக்கும். ஜப்பானில் நாகசாகிப் பக்கம் ஃபுருனோ சகோதரர்கள் 1948-இல்தான் முதல் முதலாக மீனவர் கைக்கு ஏற்ற மீன் காட்டும் கருவியைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் படகுகளுக்கு விளக்கும் மின்சாரமும் பொருத்துகிற வேலை பார்த்தவர்கள். மீன் இருக்கிற இடத்தில் குமிழி வரும் என்று அனுபவப்பட்ட ஒரு மீனவர் சொன்ன பேச்சைப் பிடித்துக்கொண்டு, குமிழியில் ஒலி பட்டால் திரும்புமே என்று யோசித்தார்கள். கருவி ஒரு மீனவர் சொன்ன சொல்லிலிருந்து புறப்பட்டிருக்கிறது. நம் பக்கத்தில் குமிழி பார்த்துக் கெளுத்தியா கெண்டையா என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கருவி வாங்குவதற்கு முன் அவர்கள் பக்கத்தில் ஒரு பருவம் உட்கார்.

கென்யிரிலோ அமெரிக்க ஏரியிலோ அடித் தரையைப் பார்க்க இவ்வளவு செலவழிக்கிறார்கள் என்றால், அங்கே அந்தத் தரை முழுசாக வெளியே வருவதே இல்லை. நம் கண்மாய் ஏறக்குறைய ஒவ்வொரு வருஷமும் தன் அடியை முழுசாகத் திறந்து காட்டுகிறது. வைகாசியில் உள்ளே இறங்கி நடந்தால் போதும். மடைக்கு முன்னால் எவ்வளவு பள்ளம், ஜேசிபி மண் அள்ளிய குழி எங்கே, அதன் விளிம்பு செங்குத்தா சரிவா, வெட்டிய கருவேலின் தூர் எங்கே மிச்சம், வரத்துக்கால் உள்ளே எந்தத் தடத்தில் ஓடுகிறது, கடைசித் தண்ணீர் எந்தக் குட்டையில் வற்றியது, எல்லாம் கையால் தொட்டுப் பார்க்கலாம். கடைசியாக வற்றிய குட்டையைச் சுற்றி நத்தை ஓடும் மீன் செதிலும் கொக்கின் கால் தடமும் கிடக்கும். விரால் அங்கேதான் ஒதுங்கியிருந்தது, அடுத்த மழையில் அங்கேயிருந்துதான் புறப்படும். இத்தனையும் உன் போனில் ஜிபிஎஸ் புள்ளியாகக் குறித்துவை. கார்த்திகையில் தண்ணீர் நிறைந்து எல்லாம் மூடிக்கொண்டதும் அந்தப் புள்ளிகளைத் திறந்து பார். உலகத்தில் எந்தச் சோனாரும் அவ்வளவு துல்லியமாகக் காட்டாது. மண் அள்ளிய குழிகளைக் குறிப்பது உன் உயிருக்கும் நல்லது. முழங்கால் தண்ணீர் என்று நடந்து போய் அப்படிப்பட்ட குழிகளில் மூழ்கிப் போன பிள்ளைகளைப் பற்றி மழைக்காலம்தோறும் படிக்கிறோம்.

பிடிக்கிற அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் எனக்குக் கவலை இருக்கிறது. பெரிய ஏரியில் தப்பிக்க மீனுக்கு இடம் உண்டு. கண்மாய் மீனுக்குப் போக்கிடம் கிடையாது. தை பிறந்ததும் தண்ணீர் சுருங்கத் தொடங்கும், மாசி பங்குனியில் மிச்சம் இருப்பது ஒரு குட்டை. அந்தக் குட்டையில் எல்லா மீனையும் திரையில் பார்க்க முடிந்தவன் எல்லாவற்றையும் எடுக்கவும் முடியும். அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பணம் புழங்கும் தூண்டில் போட்டிகளிலேயே இதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பாஸ்மாஸ்டர் எலைட் தொடரில் 2025-இல் ஒரு படகுக்கு ஒரே ஒரு லைவ் டிரான்ஸ்டியூசர்தான் என்று விதி வந்தது. மேஜர் லீக் ஃபிஷிங்கின் பாஸ் புரோ டூர் அதே வருஷம், நாளை மூன்றாகப் பிரித்து ஒரு பகுதியில் மட்டும் பயன்படுத்தலாம் என்றது. அலாஸ்காவில் இதே வகைக் கருவியை ஆற்றுக்குள் வைத்துச் சால்மன் மீனை எண்ணுகிறார்கள், முட்டையிடப் போதுமான அளவு மேலே போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துப் பிடிப்பை முடிவு செய்ய. நம் கண்மாயில் அப்படி எண்ண யாரும் இல்லை, தடுக்கவும் யாரும் இல்லை. ஆகவே வரம்பை நீதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

நான் வைத்திருக்கும் வரம்பைச் சொல்கிறேன். மழைக்குப் பிறகு பாசி ஓரத்தில் செக்கச் செவேலென்று குஞ்சுக் கூட்டம் கொதிப்பது போல மேலே வரும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அப்போது எதை வீசினாலும் பாய்ந்து கடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அந்தக் கடியை வீடியோ எடுத்துப் போடுகிற பையன்கள் இருக்கிறார்கள். நீ வீசாதே. பெற்றவற்றை எடுத்துவிட்டால் மறுநாளே குறவையும் கெளுத்தியும் நீர்க்காகமும் அந்தக் கூட்டத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். கென்யிரில் தோமானுக்கும் இதே கதைதான் நடக்கிறது, திரை வந்த பிறகு குஞ்சுக்கு அடியில் நிற்கும் மீனைக் குறி வைப்பது இன்னும் எளிதாகிவிட்டது.

மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் கேட்காமல் இறங்காதே. கட்லாவும் ரோகுவும் அவர் காசு போட்டு விட்ட குஞ்சுகள். விராலுக்குத் தூண்டில் போடுகிறேன், கட்லா கடித்தால் விட்டுவிடுகிறேன் என்று முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் சரி என்பார்கள். கோடையில் ஊர் கூடி மீன்பிடித் திருவிழா வைக்கிற கண்மாய் என்றால், ஊர்ப் பெரியவர் துண்டை வீசித் தொடங்கிவைக்கிற நாள் வரை கடைசிக் குட்டையில் கை வைக்காதே. அன்றைக்கு ஊத்தாக் கூடையோடு இறங்கிப் பார். சேற்றில் ஊத்தாவை அமுக்கிய கணம் உள்ளே மீன் முட்டுவது கூடையின் குச்சி வழியாக உள்ளங்கைக்கு வரும். முட்டுகிற விதத்தை வைத்தே விராலா கெளுத்தியா என்று சொல்லி, அதற்குத் தக்கபடி மேல் வாய்க்குள் கையை விடுவார்கள். கெளுத்தி முள் குத்தினால் இரண்டு நாளைக்குக் கடுக்கும், அதனால் அந்த வேறுபாட்டைச் சீக்கிரம் கற்றுக்கொள்வாய்.

அணைக்கட்டு ஆசையை நான் தடுக்கவில்லை. வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் பெரியாறு அணை 47 அடி, வைகை அணை 71 அடி. அந்த ஆழத்தில் லைவ் சோனாருக்கு வேலை உண்டு. மீன் எந்த மட்டத்தில் நிற்கிறது, லூருக்கு எப்படித் திரும்புகிறது என்று பார்க்க அதுதான் இடம். மீன்வளத் துறையிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போ. லாரி டியூபில் பேட்டரியையும் திரையையும் கட்டிக்கொண்டு ஆழத்துக்குள் போகிற யோசனையை மட்டும் விட்டுவிடு. உன் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்துத்தான் இரவு தூக்கம் வரவில்லை. படகு கிடைக்காத நாளில் கரையிலிருந்து வீசு.

வைகாசியில் நான் ஊருக்கு வருகிறேன். திருச்சுழிப் பக்கம் குண்டாற்றுத் தண்ணீர் வருகிற கண்மாய்கள் அதற்குள் வற்றியிருக்கும், முதலில் ஒன்றை நடந்து குறித்துவிடுவோம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், காலை ஆறு மணிக்கெல்லாம் மடைப் பக்கம் வந்து நில். போனை முழுசாக சார்ஜ் போட்டுக்கொள். கெட்டியான செருப்பு போட்டு வா, சீமைக் கருவேல முள் சாதா ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும்.

அன்புடன்,
உன் அண்ணன்