முதலில் 35-ல் டேப் ஒட்டு

அன்புள்ள மருமகனுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தையை விசாரித்து ஒரு வரி, லென்ஸை விசாரித்து மூன்று பக்கம். அத்தையிடம் சொல்லவில்லை, பயப்படாதே. போனஸ் வந்திருக்கிறது, 50 மி.மீ. ப்ரைம் வாங்கட்டுமா, 70-300 ஜூம் வாங்கட்டுமா, எது நல்ல லென்ஸ் என்று கேட்டிருக்கிறாய். எங்கே நின்று, யாரை, எந்த நேரத்தில் எடுக்கப் போகிறாய் என்று மட்டும் எழுதவில்லை. அதைச் சொல்லாமல் எது நல்லது என்று கேட்டால், கடைக்காரரிடம் எது தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் நல்ல லென்ஸ். நல்லவேளையாக உன் தாராவி வீடும் சந்தும் எனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்: இரண்டும் வேண்டாம், 35 ப்ரைம் வாங்கு.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, காரணத்தைக் கேள்.

முதலில் அந்த 50. பெரும்பாலான கடைகளில் மலிவாகக் கிடைக்கிற ப்ரைம், அதாவது ஜூம் ஆகாத லென்ஸ், அது. உன் சினேகிதர்கள் அதையே வாங்கச் சொல்வதும் அதனால்தான். "ஜூம் எதற்கு, காலால் முன்னே பின்னே நடந்தால் போச்சு" என்பார்கள். கால் வைக்க இடம் இருப்பவர்கள் பேசுகிற பேச்சு அது. உன் வீட்டில் ஓர் எட்டுப் பின்னால் வைத்தால் முதுகில் பீரோ இடிக்கும். இன்னோர் எட்டு வைத்தால் வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மாடி ஏணியில் நிற்பாய்.

உன் நிக்கான் டி5600-ன் சென்சார் பழைய ஃபிலிம் சட்டத்தைவிடச் சின்னது. அதில் 50 போட்டால் 75 அளவுக்குக் குறுகலாகப் பார்க்கும். எட்டடி தள்ளி நின்று கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால், 50-க்குள் அடங்குவது நாலடி அகலம்கூட இல்லை. 35-க்கு ஐந்தரை அடிக்குச் சற்றுக் குறைவு. கேமராவோடு வந்த உன் 18-55 கிட் லென்ஸின் 18-க்குப் பத்தடி. ஆக, உன் அம்மா அடுப்படியில் நிற்பதை 50-ல் எடுத்தால் அம்மா வருவார், அடுப்பு வராது. 35-ல் அம்மாவும் வருவார், அடுப்பும் வரும், சுவரில் தொங்கும் காலண்டரும் பாதி வரும்.

"கார்ட்டியே-பிரெஸ்ஸான் 50 வைத்துத்தானே எடுத்தார்?" என்பாய். பெரும்பாலும் அப்படித்தான். 1947-48-ல் இங்கே வந்து காந்தியின் கடைசி நாட்களை எடுத்தபோதும் கையில் லைகாதான். ஆனால் அவருடையது முழு ஃபிலிம் சட்டம். அதில் 50 பார்க்கிற அகலத்தை உன் கேமராவில் பார்ப்பது 35. அவரைப் பின்பற்ற ஆசை என்றாலும் நீ வாங்க வேண்டியது 35-தான்.

போதாததற்கு, பெரிய ஆட்கள் எல்லாரும் ப்ரைம்தான், ஜூம் சோம்பேறிகளுக்கு என்றும் எழுதியிருக்கிறாய். எங்கே பொறுக்கினாய் இந்த வசனத்தை? ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்து இதே பம்பாயில் படமெடுக்கத் தொடங்கியவர் ஹோமாய் வியாரவாலா. அவர் பயன்படுத்திய ரோலிஃபிளெக்ஸில் லென்ஸைக் கழற்றவே முடியாது. கழற்றி மட்டும் என்ன செய்வது? ஃபிலிம் ஸ்டில் கேமராவுக்கென்று முதல் ஜூமை ஃபோய்க்ட்லெண்டர் கம்பெனி கொண்டுவந்ததே 1959-ல்தான். அதற்கு முன் எடுத்தவர்கள் ஜூமை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை, ஜூமே இல்லாததால் ப்ரைமில் எடுத்தார்கள்.

இனி உன் நியாயமான கேள்வி. "கையில் இருக்கிற 18-55-லேயே 35 இருக்கிறதே மாமா, இன்னொரு 35 எதற்கு?" இப்படிக் கேட்டால்தான் நீ என் மருமகன்.

ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு மாட்டுங்காவுக்கு வா. ஆஸ்திக சமாஜம் கோயில் பக்கம் பூக்கடைகளில் தலைக்கு மேல் ஒரே ஒரு பல்ப் எரியும். பூக்கட்டுகிற அம்மாவின் கையைப் பார். இடது கை மல்லிகை மொட்டுகளைக் காம்போடு காம்பு சேர்த்துப் பிடித்திருக்கும். வலது கை நூலை ஒரு சுற்றுச் சுற்றி, வளையத்தில் நுழைத்துச் சுண்டி இழுக்கும். முடிச்சு இறுகும்போது நூல் பதிந்து விரல் நுனி ஒரு கணம் வெளுக்கும். எடுக்க வேண்டியது அதை. உன் கிட் லென்ஸ் 35-ல் எஃப்/4.5-க்கு மேல் திறக்காது. ப்ரைம் எஃப்/1.8 வரை திறக்கும், உள்ளே வருகிற வெளிச்சம் ஆறு மடங்கு. கிட் லென்ஸில் ஷட்டர் 1/20-க்கு இறங்குகிற அதே இடத்தில் ப்ரைமுக்கு 1/125 கிடைக்கும். 1/20-ல் கடை தெளிவாக இருக்கும், கூடை தெளிவாக இருக்கும், விரல்கள் மட்டும் கலங்கிப் போயிருக்கும்.

"வி.ஆர். இருக்கிறதே?" அது உன் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பூக்காரம்மாவின் கையை அல்ல. "ஐஎஸ்ஓ-வை ஏற்றினால்?" தாராளமாக ஏற்று. 1600 போதும் என்கிற இடத்தில் 10,000 வைக்க வேண்டியிருக்கும். நிழல் விழுந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக வரும். அப்புறம் கேமரா சரியில்லை என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவாய்.

1.8 கிடைத்ததும் நீ செய்யப்போகிற தப்பையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லாப் படத்தையும் 1.8-லேயே எடுப்பாய். ஒரு மீட்டர் தூரத்தில் 35-ஐ முழுசாகத் திறந்தால் கூர்மையாக விழுகிற ஆழம் ஆறு சென்டிமீட்டர் அளவுதான். கண் கூர்மையாக இருக்கும்போதே காது மங்கிவிடும். சித்தப்பா வீட்டில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து 1.8-ல் எடுத்தால் பின்வரிசைக்காரர்கள் உன்னோடு பேசமாட்டார்கள். 4, 5.6 என்று மூடி எடு. பின்னணி மங்குவதற்காகத்தானே ப்ரைம் என்கிறாயா? தாராவியில் எடுத்த படத்திலிருந்து தாராவியை அழித்துவிட்டு என்ன சாதிக்கப் போகிறாய்? 'நாயகன்' படத்து வெளிச்சம் வேண்டும் என்று வேறு ஆசைப்பட்டிருக்கிறாய். 1987-ல் பி.சி. ஸ்ரீராம் படமாக்கிய அந்தத் தாராவியில் பெரும்பகுதி, தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் போட்ட செட். செட்டில் விளக்கை வைக்க வேண்டிய இடத்தில் வைக்கலாம். உனக்குக் கிடைப்பது தகர இடுக்கில் விழுகிற வெயிலும் ஒரு டியூப்லைட்டும்.

ஆனால் கிட் லென்ஸை விற்றுவிடாதே. அதைச் செய்வாய் என்றுதான் எனக்குப் பயம். பொங்கலன்று 90 ஃபீட் ரோட்டில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கிறார்களே, அங்கே ப்ரைமை வைத்துக்கொண்டு தவிப்பாய். வரிசை முழுக்க வர 18 வேண்டும். திரும்பினால் ஒரு பானை பொங்குகிறது, குலவையிடுகிற முகத்துக்கு 55 வேண்டும். பொங்குவதோ கண நேரம். லென்ஸை மாற்றுகிறேன் பேர்வழி என்று அந்தப் புகையிலும் சாம்பலிலும் கேமரா வாயைத் திறந்தால் தூசு சென்சாரில் போய் உட்கார்ந்துகொள்ளும், படத்துக்குப் படம் வானத்தில் கறுப்புப் பொட்டு வைக்கும். சேடா நகர் முருகன் கோயில் படிகளில் விசேஷ நாள் கூட்டம் இறங்கும்போதும் அப்படித்தான். நீ நகர முடியாது, கூட்டம்தான் உன்னை நகர்த்தும். வெயிலும் நெரிசலும் சேர்ந்த இடத்தில் ஜூமைச் சோம்பேறி என்று சொல்கிறவன் அங்கே போனதில்லை என்று அர்த்தம்.

70-300-ஐ ஏன் கேட்டாய் என்பதும் தெரியும். கூச்சம். தெருக்கோடியில் நின்றுகொண்டு ஆளுக்குத் தெரியாமல் எடுத்துவிடலாம் என்ற எண்ணம். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படம் வந்தபின் உங்கள் பகுதிக்குக் கேமராவோடு வந்து போனவர்கள் கொஞ்சமா? தூரத்திலிருந்து நீட்டுகிற லென்ஸைக் கண்டாலே கும்பார்வாடாக் குயவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நீ அந்த ஊர்ப் பிள்ளை. 35 மாட்டினால் பேசுகிற தூரத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும், "எடுக்கட்டுமா அண்ணே" என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். வேண்டாம் என்றால் டீ குடித்துவிட்டு வா. அதே நேரம் ஒட்டிக்கொண்டு 18-ல் முகத்தை எடுக்காதே, மூக்கு பெரிதாகி வரும். அது லென்ஸின் குற்றமல்ல, நீ ஒரு முழத்தில் நின்ற குற்றம்.

ஷண்முகானந்தா ஹாலில் தங்கையின் நடன நிகழ்ச்சிக்கு என்ன செய்வது? அங்கே உன் இடம் பக்கவாட்டு நடை, ஓரடி முன்னே போனாலும் வாலண்டியர் வந்துவிடுவார். அதனால் தூரத்து லென்ஸ்தான் வேண்டும், ஆனால் 70-300 அதன் 300 முனையில் எஃப்/6.3. மேடை விளக்குக்கும் சுழல்கிற பெண்ணுக்கும் அது பற்றாது. 70-200 எஃப்/2.8 வேண்டும். ஒன்றரைக் கிலோ எடை, விலையைச் சொன்னால் உன் அப்பா என்னைத் திட்டுவார். ஒரு நாள் வாடகைக்கு எடு, மறுநாள் கொடுத்துவிடு.

35-தான் என்று நான் சொன்னதையும் அப்படியே நம்பாதே. கிட் லென்ஸை 35-ல் வைத்து, ஜூம் வளையம் திரும்பாதபடி கறுப்பு டேப் ஒட்டு. ஒரு வாரம் அதோடு நட. எதற்கெடுத்தாலும் பின்னால் போகத் தோன்றினால் 24 பக்கம் யோசி. முன்னால் போகத் தோன்றினால் அந்த 50-யே வாங்கிக்கொள், நான் குறுக்கே நிற்கவில்லை.

பழசாக வாங்குவதென்றால் போரா பஜாருக்குக் கேமராவையும் எடுத்துக்கொண்டு போ. நிக்கானில் 'டி' என்று முடிகிற பழைய ப்ரைம் சல்லிசாகக் கிடைக்கும், அதற்கு மயங்காதே. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, உன் டி5600-லும் கிடையாது, ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஏ.எஃப்-எஸ் அல்லது ஏ.எஃப்-பி என்று எழுதியிருக்க வேண்டும். பின்பக்கம் மொபைல் டார்ச்சை அடித்து முன்பக்கமிருந்து பார். கண்ணாடியில் சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. அரிசி டப்பாவில் வைக்காதே, தவிட்டுத் தூசி உள்ளே போகும். உன் அம்மாவும் சும்மா இருக்கமாட்டார்.

சனிக்கிழமை வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். ஞாயிற்றுக்கிழமை போரா பஜார் பக்கம் பெரும்பாலும் கடை அடைப்பு.

அன்புடன்,
மாமா