சொந்த ஜெட் வாங்க நினைக்கும் இளம் விமானிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பிளாரிடாவில் பழைய சிட்டேஷன் மஸ்டாங் ஜெட் ஒன்று சகாய விலைக்கு வருகிறதென்றும், அதை வாங்கி நீயே ஓட்டி, வாடகைப் பிரயாணிகளை ஏற்றிச் சம்பாதித்து, கம்பெனி உத்தியோகத்துக்கு முழுக்குப் போட்டுவிட உத்தேசமென்றும் எழுதியிருக்கிறாய். உன் சாமர்த்தியத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் நீ அனுப்பிய கணக்கின்மீதுதான்.

அதில் எரிபொருள், ஹாங்கர் வாடகை, இன்ஷூரன்ஸ், கடன் வட்டி எல்லாம் இருக்கின்றன. உன் சம்பளம் மட்டும் இல்லை. நீயே ஓட்டுவதால் அந்தச் செலவு மிச்சமென்கிறாய். வேறிடத்தில் கைநிறையக் கிடைக்கக்கூடிய ஊதியத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அந்த நஷ்டத்தையே லாபமென்று பேரேட்டில் வரவு வைத்துக்கொள்வது, டிரைவர் கூலியைக் கழிக்காமல் லாரியில் லாபம் பார்த்த சொந்தக்காரரின் கதைதான்.

விலை சகாயமாயிருப்பதன் காரணத்தையும் விசாரித்தாயா? அதன் இன்ஜின்களை 3,500 மணி நேரத்துக்கொருமுறை முழுவதும் பிரித்துச் செப்பனிட வேண்டும். 3,200 மணி ஓடிய இன்ஜின்களோடு வரும் விமானத்தின் பாக்கி விலையை நீ பின்னால் கட்டப்போகிறாய். பறந்தாலும் பறக்காவிட்டாலும் வருஷத்துக்கு 3 லட்சம் டாலர் நிலையான செலவென்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். 300 மணி பறந்தால் மணிக்கு 1,000, 100 மணியே பறந்தால் 3,000. போதாக்குறைக்கு, பிரயாணியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் மணிகளுக்கும் இன்ஜின் தேயும். ஒரே விமானி ஓட்ட அனுமதியுள்ள விமானமேயானாலும், வாடகை கொடுப்பவரும் இன்ஷூரன்ஸ்காரரும் இருவரைக் கேட்பது சகஜம். அந்த இரண்டாமவருக்கு நீ சம்பளம் கொடுத்தே தீரவேண்டும்.

பெரிய மூலதனக்காரர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். மென்பொருளில் பெரும் பொருளீட்டிய எட் இயாகோபுச்சி, எக்லிப்ஸ் 500 ஜெட்டுகளை வைத்து, இருக்கைக்கு இவ்வளவென்று பிளாரிடாவில் 2007 அக்டோபரில் துவக்கிய டேஜெட் கம்பெனி, கம்ப்யூட்டர் கணக்குகளின் அபார நுட்பம் பக்கபலமாயிருந்தும், மேற்கொண்டு மூலதனம் கிடைக்காமல் 2008 செப்டம்பரிலேயே நின்றுபோயிற்று. அந்த ஜெட்டுகளைச் செய்த எக்லிப்ஸ் கம்பெனியும் அதே வருஷம் நவம்பரில் திவாலாயிற்று.

பணத்தைவிட என்னை அதிகமாய்க் கவலைப்படுத்துவது வேறு. விமானத் தலைவனுக்குச் சட்டம் தந்திருக்கும் பெரிய அதிகாரம், 'இன்று பறக்க முடியாது' என்று சொல்லும் அதிகாரமே. நீ சம்பளக்காரனாயிருந்து அதைச் சொன்னால் முதலாளி முகம் சுளிப்பார், அவ்வளவுதான். முதலாளியும் நீயேயானால், இறக்கைமேல் பனி உறையுமென்று வானிலை அறிக்கை எச்சரிக்கும் மாலையில், மறுநாள் கட்டவேண்டிய தவணையும் உன் பக்கத்து ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வாடகைப் போக்குவரத்துக்குரிய சான்றிதழ் கைக்கு வருமுன்பே, 'செலவைப் பகிர்ந்துகொள்கிறோம்' என்று சிநேகிதர்கள் நீட்டும் பணத்தை வாங்கச் சொல்வதும் அந்தத் தவணைதான். அப்படியொரு பிரயாணத்தில் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரித்துவிடக்கூடும்.

ஆசை விடவில்லையென்றால், சான்றிதழ் பெற்று நாளாகித் தொழில் நடத்தும் ஒரு கம்பெனியின் நிர்வாகத்தில் விமானத்தை ஒப்படைத்து, அங்கேயே சம்பளத்துக்கு ஓட்டலாம். வருமானத்தில் அவர்கள் பங்கு எடுத்துக்கொண்டாலும், பறக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்க இன்னொருவரும் இருப்பார். எதற்கும், வருஷத்துக்கு 150 மணியென்றும், பாதிப் பிரயாணம் காலியென்றும், உன் சம்பளத்தைச் சந்தை விலைக்கும் வைத்துக் கணக்கை மறுபடி போட்டு அனுப்பு. அதுவரை தரகரிடம் முன்பணம் கொடுக்காதே.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்