குறிப்பறிந்து எழுதுதல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

எழுத்தைச் சுருக்கினால் நேரம் மிஞ்சும். பொருள் மயங்கினால் தீங்கு நேரும். மருந்துச் சீட்டில் காணும் ஈரெழுத்து, மூவெழுத்துக் குறிகள் பலவும் இலத்தீன் சொற்றொடர்களின் சுருக்கங்கள் ஆகும். அவற்றைப் பொருளறிந்து பெயர்த்தெழுதும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

---

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள ஊர் வேங்கிக்கால். அவ்வூரில் வாழும் மூதாட்டி ஒருவர் மருத்துவரைக் கண்டு வீடு திரும்புகிறார் என்று கொள்வோம். பதினொன்றாம் வகுப்பில் பயிலும் பேத்தியிடம் சீட்டை நீட்டி, "எந்த மாத்திரையை எப்போ போடணும்னு தமிழ்ல எழுதிக் குடு கண்ணு" என்கிறார். மருந்துகளின் பெயர்களுக்கு எதிரே ஓ.டி., பி.டி., எச்.எஸ்., எஸ்.ஓ.எஸ். என்னும் குறிகள் உள்ளன. பேத்தி எழுதப்போவது நான்கே வரிகள். ஆயினும் அவற்றைப் பார்த்துத்தான் பாட்டி மாதம் முழுவதும் மருந்துண்பார். மருத்துவமனைக் குறிப்புகளைக் கணினியில் பதிவுசெய்யும் பணியாளரின் பொறுப்பும் இத்தகையதே.

இலத்தீன் வந்த வழி

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கல்வியின் மொழியாக இலத்தீன் விளங்கியது. மருத்துவர்கள் அம்மொழியிலேயே மருந்துச் சீட்டு எழுதினர். காலப்போக்கில் தொடர்கள் மறைந்தன. அவற்றின் முதலெழுத்துகள் மட்டும் நிலைத்தன. ஆங்கில மருத்துவத்தோடு அவை நம் நாட்டிற்கும் வந்தன. சீட்டின் தலைப்பில் காணப்படும் ஆர்.எக்ஸ். என்னும் குறி 'ரெசிப்பே' என்ற இலத்தீன் ஏவல்வினையின் சுருக்கம். 'எடுத்துக்கொள்' என்பது அதன் பொருள். சமையற் குறிப்பைச் சுட்டும் 'ரெசிபி' என்னும் ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்து பிறந்ததே.

குறியும் பொருளும்

நம் மருத்துவர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் குறிகள் வருமாறு:

- ஓ.டி. – நாளுக்கு ஒருமுறை
- பி.டி. (பிஸ் டியே) – நாளுக்கு இருமுறை
- டி.டி.எஸ். (தெர் டியே சுமெந்தும்) – நாளுக்கு மும்முறை உட்கொள்க
- கியூ.ஐ.டி. (குவாட்டெர் இன் டியே) – நாளுக்கு நான்குமுறை
- ஏ.சி. (ஆன்டே சிபும்) – உணவுக்கு முன்
- பி.சி. (போஸ்ட் சிபும்) – உணவுக்குப் பின்
- எச்.எஸ். (ஹோரா சோம்னி) – உறங்கும் வேளையில்
- எஸ்.ஓ.எஸ். (சி ஓபுஸ் சித்) – தேவைப்பட்டால் மட்டும்
- ஸ்டாட் (ஸ்டாடிம்) – உடனடியாக

இவற்றுள் எஸ்.ஓ.எஸ். தனிக்கவனத்திற்கு உரியது. கடலில் கப்பல்கள் விடுக்கும் அபாய அழைப்பாகவே அதனை நாம் அறிவோம். அப்பொருளைச் சீட்டிலும் கொண்டால், காய்ச்சலோ வலியோ வந்தால் மட்டும் தரவேண்டிய மாத்திரையை உடனே தந்துவிட நேரும்.

ஒரு குறி, இரு பொருள்

குறி ஒன்றாயினும் இடத்திற்கேற்பப் பொருள் மாறுவதுண்டு. பொது மருத்துவரின் சீட்டில் ஓ.டி. என்பது நாளுக்கு ஒருமுறை. கண் மருத்துவரின் குறிப்பில் அதுவே 'ஓகுலுஸ் டெக்ஸ்டெர்', அதாவது வலக்கண். இடக்கண்ணை ஓ.எஸ். என்று எழுதுவர். கண்ணில் விடவேண்டிய சொட்டு மருந்துக்கு எதிரே ஓ.டி. என்று இருந்தால், அது வேளையைச் சுட்டுகிறதா, கண்ணைச் சுட்டுகிறதா என்று தெளிந்த பின்னரே எழுத வேண்டும்.

எழுத்து வடிவமும் மயக்கம் தரும். மேலைநாடுகளில் நாளுக்கு ஒருமுறை என்பதைக் கியூ.டி. என எழுதும் வழக்கம் இருந்தது. இடையில் ஒரு புள்ளி அழுந்தி விழுந்தால் அது கியூ.ஐ.டி. எனத் தோன்றும், ஒருவேளை மருந்து நான்கு வேளையாகிவிடும். இன்சுலின் அளவைக் குறிக்கும் யூ என்னும் ஆங்கில எழுத்தைச் சுழியாகப் படித்தால் 4 அலகு 40 ஆகும். இத்தகைய குறிகளைப் பயன்படுத்தலாகாது என்று அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஆணையம் 2004ஆம் ஆண்டு பட்டியலிட்டது. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும் இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டு விதி வகுத்தது.

இவை எழுத்துப் பிழைகள் மட்டுமல்ல. முடக்குவாதத்திற்கு வாரம் ஒருமுறை மட்டுமே தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தைத் தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டு உயிரிழந்தோர் உண்டு.

படியெடுப்போர் கடமை

இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. ஓலை கிழியாதிருக்கப் புள்ளியிடாமல் எழுதினர்; நெடிலைக் காட்டும் காலும் ரகரமும் ஒரே வடிவில் இருந்தன. 'கரடு' என்பதும் 'காடு' என்பதும் ஏட்டில் ஒன்றுபோல் தோன்றும். 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடத்தை உறுதிசெய்தார். மருத்துவக் குறிப்பைப் படியெடுப்பவருக்கும் அந்நெறி பொருந்தும். அவர் பின்பற்ற வேண்டியவை நான்கு:

1. குறியை அப்படியே பெயர்க்காமல், படிப்பவருக்குப் புரியும் சொற்களில் விரித்து எழுதுதல்.
2. அளவை ஐயமற எழுதுதல். 5.0 என்பது 50 எனவும், .5 என்பது 5 எனவும் படிக்கப்படலாம். எனவே 5 என்றும் 0.5 என்றும் எழுதுக.
3. மில்லிகிராம், மைக்ரோகிராம் ஆகியவற்றை முழுமையாக எழுதுதல். ஒன்று மற்றொன்றாக மாறினால் அளவு ஆயிரம் மடங்கு மாறும்.
4. ஐயம் எழுந்தால் ஊகித்து எழுதாமல் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டல்.

இவற்றுள் நான்காவதே தலையாயது. தெரியாததைக் கேட்பது இழிவன்று. தெரிந்ததுபோல் எழுதுவதே தீது.

தமிழால் முடியும்

அந்தி சந்தி என்னும் இரு சொற்களால் காலை, மாலை இருவேளையையும் சித்த மருத்துவம் சுட்டியது. மூன்று விரல் நுனிகளால் எடுக்கும் அளவைத் திரிகடி என்றது. யாழ்ப்பாணத்திற்கு 1847ஆம் ஆண்டு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884), தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழ்வழியே மேலை மருத்துவம் கற்பித்தார். இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872) முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அறுவை மருத்துவத்தையே தமிழில் எழுத இயலுமெனில், 'காலை உணவுக்குப் பின் ஒரு மாத்திரை' என எழுதுவது அரிதன்று.

வேங்கிக்கால் பேத்தி மூன்று வரிகளை எழுதிவிட்டாள். நான்காவது குறி தெளிவாக இல்லை. அவள் அவ்விடத்தை வெறுமையாக விட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் புறப்பட்டாள். பாட்டியின் நலம் அந்தச் சிறு நடையில் காக்கப்பட்டது.

---

தெரியுமா?

தமிழிலும் சுருக்கக் குறியீடுகள் வழங்கின: ௳ – நாள், ௴ – மாதம், ௵ – ஆண்டு, ௸ – மேற்படி, ௹ – ரூபாய். பழைய நிலப் பத்திரங்களில் இவற்றைக் காணலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலுள்ள பழைய பத்திரம் ஒன்றில் காணப்படும் குறியீடுகளைத் தொகுத்துப் பொருள் எழுதுக.
2. மருந்தாளுநர் ஒருவரிடம் உரையாடி, மருந்துறைகளில் 1-0-1 என எழுதும் முறையை அறிந்து வகுப்பில் விளக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

'ஹோரா சோம்னி' என்பதன் பொருள் யாது?
அ) உணவுக்கு முன் ஆ) உறங்கும் வேளையில் இ) உடனடியாக ஈ) தேவைப்பட்டால்

குறுவினா

ஓ.டி. என்னும் குறி உணர்த்தும் இரு பொருள்களைக் குறிப்பிடுக.

சிறுவினா

ஏடு பெயர்த்தெழுதுவோரையும் மருத்துவக் குறிப்பைப் படியெடுப்போரையும் ஒப்பிடுக.

நெடுவினா

'ஐயம் எழுந்தால் ஊகித்து எழுதாதே' என்னும் கருத்தைப் பாடப்பகுதிவழி நிறுவுக.