படத்தின் அடியில் தமிழ் எழுத்து: டிவிடி பிளேயரில் உபதலைப்புக் கோப்பை ஓட வைத்தல்

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் நாங்கள். ஜெனரேற்றரை வாடகைக்கு எடுத்து, ஊர் கூடி, வீடியோ டெக்கில் விடிய விடியப் படம் பார்த்தவர்களும் நாங்கள்தான். அதனால் ஒரு கருவியை இருக்கிறதைக் கொண்டு இயக்குவது எப்படி என்று எங்களுக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பாடம் டிவிடி பிளேயரைப் பற்றியது. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பிளேயர்கள் பல வீடுகளிலும் சனசமூக நிலையங்களிலும் இன்னும் உழைக்கின்றன. படம் ஓடுகிறது, ஆனால் பேச்சு விளங்கவில்லை. கணினியில் தமிழ் உபதலைப்புடன் ஓடிய அதே படம் பிளேயரில் எழுத்தே இல்லாமல் ஓடுகிறது. இதுதான் முறைப்பாடு.

இது வெறும் பொழுதுபோக்குச் சங்கதி அல்ல. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த குடும்பங்கள் 2009க்குப் பின் பகுதி பகுதியாகக் காணிகளுக்குத் திரும்பி வருகின்றன. எல்லாக் காணியும் இன்னும் விடுபடவில்லை. பல வருடம் கலப்பை படாத செம்மண்ணில் மீண்டும் தோட்டம் செய்யப் போகிறவருக்குக் காட்டப்படும் பயிற்சிப் படங்களில் பல ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கின்றன. கண்ணிவெடி அபாயம் பற்றிய படம் என்றால் கேட்கவே வேண்டாம். எந்த அடையாளத்தைக் கண்டால் திரும்ப வேண்டும் என்ற வசனம், வேறு படம் திரையில் நிற்கும்போது வந்தால் அது பாடம் அல்ல, ஆபத்து. கிருமிநாசினி கலக்கும் அளவும் அப்படித்தான். ஒரு மருந்தின் அளவு அடுத்த மருந்துப் போத்தலின் கீழே எழுத்தாக விழுந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஷெல் சத்தத்தில் காது மந்தமான பெரியவர்களுக்கோ தமிழ்ப் படத்துக்கும் எழுத்து வேண்டும்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கும் சினிமா டிவிடியில் இருக்கும் உபதலைப்பு உண்மையில் எழுத்தே அல்ல. சிறு சிறு படங்கள். ஒவ்வொரு வசனமும் படமாக வரையப்பட்டு இறுவட்டின் உள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கும். ஒரு டிவிடியில் இப்படி 32 உபதலைப்பு வரிசைகள் வரை வைக்கலாம். பிளேயர் அதை வாசிப்பதில்லை, படத்தின் மேல் படமாக ஒட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே அது எந்த மொழியானாலும் பிளேயருக்குக் கவலை இல்லை.

இணையத்திலிருந்து எடுக்கும் எஸ்.ஆர்.ரி. வகைக் கோப்பு வேறு சாதி. அது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பாட்டில் திறந்தால் ஒரு இலக்கமும், அதன் கீழ் 00:01:20,000 --> 00:01:24,000 என்பது போல நேரமும், அதன் கீழ் வசனமும், பிறகு ஒரு வெற்று வரியும் தெரியும். அதாவது, ஒரு நிமிடம் 20 செக்கனில் தோன்றி ஒரு நிமிடம் 24 செக்கனில் மறைய வேண்டும் என்று அர்த்தம். இந்தக் கோப்பை வாசித்து எழுத்தை வரைய வேண்டிய வேலை பிளேயருடையது. சாதாரண டிவிடி பிளேயருக்கு அந்த வேலை தெரியாது. முகப்பில் டிவ்எக்ஸ் என்ற அடையாளம் உள்ளவை, யுஎஸ்பி துவாரம் உள்ளவை பெரும்பாலும் செய்யும்.

உங்கள் பிளேயர் அந்த இனம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது பெயர். படக் கோப்புக்கும் உபதலைப்புக் கோப்புக்கும் ஒரே பெயர் இருக்க வேண்டும். கடைசி வால் மட்டும் வேறுபடலாம். இரண்டும் ஒரே போல்டரில் இருக்க வேண்டும். நீண்ட பெயர், இடைவெளி, தமிழ்ப் பெயர் எல்லாம் பழைய பிளேயர்களுக்கு ஒத்துவராது. 101, 102 என்று இலக்கம் போட்டு, எந்த இலக்கம் எந்தப் படம் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். படம் தொடங்கிய பிறகு றிமோட்டில் உபதலைப்புப் பொத்தானை அழுத்துங்கள். பாதி முறைப்பாடு இத்தோடு தீர்ந்துவிடும்.

ஆங்கில எழுத்து வந்துவிடும். தமிழ் வராது. பெட்டி பெட்டியாகவோ கேள்விக்குறியாகவோ நிற்கும். இங்கேதான் எங்கள் ஆட்கள் மணித்தியாலக் கணக்கில் வீணாக மினக்கெடுகிறார்கள். பிளேயருக்குள் இருக்கும் எழுத்துருவில் பெரும்பாலும் ஐரோப்பிய எழுத்துகளே உண்டு. ஒருங்குறித் தமிழை அது அறியாது. அறிந்தாலும் போதாது: ‘கெ’ என்று கோப்பில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகத்தான் இருக்கும், திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். ‘கொ’வில் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். இந்த அடுக்கு வேலை சிறிய பிளேயருக்குத் தெரியாது. பாமினியில் தட்டெழுதினால் வருமா என்று சிலர் கேட்கிறார்கள். வராது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போர்த்திய தமிழ்ச் சட்டை. சட்டை இல்லாத பிளேயரில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் ஓடும்.

ஆகவே தமிழ் வேண்டுமென்றால் பிளேயரோடு மல்லுக்கட்டாமல் எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடுவதுதான் என் தீர்ப்பு. பதித்தால் பிறகு அழிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் எங்கள் தேவைக்கு அழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. சப்டைட்டில் எடிற் என்ற இலவச நிரலைக் கணினியில் ஏற்றி, எஸ்.ஆர்.ரி. கோப்பையும் படத்தையும் அதில் திறவுங்கள். ஒருங்குறித் தமிழ் எழுத்துரு ஒன்றைத் தெரிந்து, எழுத்தைச் சற்றுப் பெரிதாக்குங்கள். மண்டபத்தின் கடைசி வரிசையில் பாயில் இருக்கும் ஆச்சிக்கும் தெரிய வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். பின்னர் எழுத்துப் பதித்த வீடியோவை உருவாக்கும் கட்டளையைக் கொடுங்கள். வந்த வீடியோவை டிவிடி ஸ்ரைலர் என்ற இன்னொரு இலவச நிரலில் போட்டு, பால் முறையில், அதாவது செக்கனுக்கு 25 சட்டகமாக, டிவிடியாக எழுதுங்கள். இந்த இறுவட்டு பெரும்பாலான பழைய பிளேயர்களிலும் ஓடும். முழுப் படத்தையும் பதிக்கும் முன் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றைப் பதித்து ‘கொ’, ‘கௌ’, ‘க்ஷ’ எல்லாம் ஒழுங்காக விழுகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது நேரப் பிசகு. இதில் இரண்டு வகை உண்டு. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு பிந்தினால், எல்லா நேரத்தையும் அத்தனை செக்கன் நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போகப் பிந்தினால் காரணம் சட்டக வேகம். சினிமாவில் செக்கனுக்கு 24 சட்டகம். எங்கள் பால் முறைக்கு அதை 25ஆக விரைவாக்குவார்கள். 100 நிமிடப் படம் ஏறத்தாழ 96 நிமிடத்தில் முடிந்துவிடும். நீண்ட படத்துக்கு எழுதிய கோப்பை இதில் போட்டால் கடைசியில் நாலு நிமிடம் பிந்தும். அதே நிரலில் சட்டக வேகத்தை 23.976இலிருந்து 25க்கு மாற்றும் வசதி உண்டு.

பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ 1997இல் வந்த சிங்களப் படம். முத்திரையிட்ட பெட்டியில் வந்தது தன் படைவீரன் மகன்தான் என்று நம்ப மறுக்கும் பார்வையற்ற கிராமத்துக் கிழவரின் கதை. பேச்சு மிகக் குறைவு. பிள்ளையைத் தேடிக் காத்திருக்கும் எங்கள் தாய்மார் பார்க்க வேண்டிய படம் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட படத்தில் அவர் சொல்லும் ஒரு வசனம், அவர் எழுந்து போன பிறகு வெறும் வீட்டின் மேல் வந்தால் என்ன பயன்?

பயிற்சிப் படமானால் இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. முதல் வசனம், நடு வசனம், கடைசி வசனம் மூன்றையும் பிளேயரிலேயே போட்டுப் பாருங்கள். கணினியில் சரியாக இருந்தது என்று விடாதீர்கள். அளவு, இலக்கம், எச்சரிக்கை வரும் ஒவ்வொரு இடத்தையும் விவசாயப் போதனாசிரியர் ஒருவரையோ, கண்ணிவெடிப் படமானால் அத்துறையில் வேலை செய்பவரையோ பக்கத்தில் இருத்திப் பார்த்த பிறகே மண்டபத்துக்குக் கொண்டுபோங்கள். சரிபார்த்த இறுவட்டின் மேல் திகதியை எழுதி, பழைய பிரதியை முறித்துவிடுங்கள்.