காய்ச்சலில் விட்டுப்போன நடைப்பயிற்சியை மறுபடி தொடங்க...

டெங்கு, சிக்குன்குனியா என்று ஏதோ ஒரு காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்து எழுந்தவர்கள், 'பழையபடி நடந்துவிட்டு வருகிறேன்' என்று முதல் நாளே முழுத் தூரத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மறுநாள் உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகி, நடையே நின்றுபோகிறது. அப்படி ஆகாமலிருக்கச் சில குறிப்புகள்:

1. மாத்திரை போடாமலே காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். குளிப்பது, துணி மடிப்பது போன்ற வீட்டு வேலைகளைக் களைப்பில்லாமல் செய்ய முடிய வேண்டும். அதன் பிறகே வாசலைத் தாண்டுங்கள். டெங்கு வந்தவர்கள், ரத்தத் தட்டணுக்கள் சரியான அளவுக்கு ஏறிவிட்டனவா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

2. முதல் வாரம் நடையைவிட நாற்காலிதான் முக்கியம் என்பேன். படுத்தே கிடந்தால் தொடைத் தசை சீக்கிரம் இளைத்துவிடும். வயதானவர்களுக்கு இன்னும் வேகமாக. கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காருங்கள். 5 முறையில் தொடங்கி, சில நாளில் 10 ஆக்கலாம். கை ஊன்றாமல் எழ முடியாதவர்கள், கெட்டியான திண்டு ஒன்றைப் போட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ளுங்கள். குக்கர் விசில் வரும்வரை, அடுப்புக்குத் தள்ளி நின்று சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்கினால் கெண்டைக்காலும் வலுவாகும்.

3. தூரத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்; நேரத்தைப் பாருங்கள். முதலில் 10 நிமிடம் போதும். நேராக ஒரே திசையில் போய்விட்டால் திரும்பி வர வலு இருக்காது. வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலோ மொட்டை மாடியிலோ நடந்தால், களைத்த இடத்தில் நிறுத்திவிடலாம். கூட வருபவரிடம் பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச்சு தடைபட்டால் வேகம் அதிகம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி பெரியவர்களுக்குத் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவை எட்ட ஒரு மாதத்துக்கு மேல் ஆனாலும் கவலைப்படாதீர்கள்.

4. நேற்று நடந்தது அதிகமா என்பதை இன்று காலை உடம்பே சொல்லிவிடும். தொடையில் லேசான வலி இருந்தால் பரவாயில்லை. மூட்டு வீங்கியிருந்தாலோ, படுக்கையை விட்டு எழவே அசதியாக இருந்தாலோ அன்று ஓய்வெடுத்து, மறுநாள் பாதி நேரம் மட்டும் நடங்கள்.

5. 2006-இல் தமிழகத்தில் சிக்குன்குனியா பரவியபோது பலர் மாதக்கணக்கில் மூட்டுவலியோடு இருந்தார்கள். இப்போதும் அது அப்படிப்பட்ட காய்ச்சல்தான். காலையில் கை, கால் மூட்டுகள் விறைத்திருக்கும் என்பதால் நடையை மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் எழுமுன் படுக்கையிலேயே கணுக்காலையும் மணிக்கட்டையும் சுழற்றுங்கள். வெந்நீரில் குளிப்பதும் இதமாக இருக்கும். நடப்பதற்காகவே வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் கூடாது.

6. கஞ்சியும் ரசம் சாதமும் காய்ச்சலுக்குச் சரி. தசை மீள அவை போதாது. முட்டை, சுண்டல், கெட்டிப் பருப்பு, மீன், தயிர் என்று வேளைக்கு ஒன்றாவது சேருங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், சாப்பாடு குறைந்திருக்கும் இந்த நாட்களில் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. சட்டைப்பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும்.

7. நாள்பட மூலையில் கிடந்த ஷூவின் அடிப்பாகம் பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

8. நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல், சிறிது நடந்தாலே கடுமையாக மூச்சு வாங்குதல்: இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். 'காய்ச்சல் வந்த பலவீனம்' என்று தள்ளிப்போடவே கூடாது. வைரஸ் காய்ச்சலால் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வரக்கூடும்.

9. கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு: அம்மாவோ அப்பாவோ காய்ச்சலிலிருந்து எழுந்திருந்தால், 'நடங்க, நடங்க' என்று சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். முதல் சில நாட்களாவது அந்தப் பத்து நிமிடம் நீங்களும் கூட நடங்கள்.