பெற்றோர் பாடம்: நடத்தைப் பயிற்சி யாருக்காக?



ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு நடத்தைப் பயிற்சி கொடுப்பதா வேண்டாமா என்பதில், ஒரே வீட்டில் தாயும் தகப்பனும் இரு கருத்தாக நிற்பதுண்டு. இரு பக்க நியாயத்தையும் அறிந்து முடிவெடுப்போம்.

ஏ.பி.ஏ. எனப்படும் இப்பயிற்சி, ஒரு செயலைச் சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்கிறது. கை கழுவுவதென்றால், குழாயைத் திறத்தல், கையை நனைத்தல், சவர்க்காரம் பூசுதல் என ஒவ்வொன்றும் தனியே பழக்கப்படும். சரியாகச் செய்ததும் பிள்ளைக்குப் பிடித்த ஒன்று கிடைக்கும். உதவி மெல்ல மெல்லக் குறைக்கப்படும்.

1987இல் கலிபோர்னியாப் பேராசிரியர் ஐவர் லோவாஸ் வெளியிட்ட ஆய்வே இதைப் பிரபலமாக்கியது. கிழமைக்கு 40 மணித்தியாலம் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளோடு சாதாரண வகுப்பில் படித்துத் தேறியதாக அவர் எழுதினார். ஆனால் பிள்ளைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. அதட்டலும், சிலவேளை தொடையில் அடியும் அப்பயிற்சியில் இருந்தன. பின்வந்த ஆய்வுகளில் முன்னேற்றம் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபட்டது.

கனடாவில் இவ்விவாதம் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. பயிற்சிச் செலவை அரசு ஏற்கவேண்டும் என்று பிரிட்டிஷ் கொலம்பியாப் பெற்றோர் வழக்காடினர். அரசுக்கு அந்தச் சட்டக் கடமை இல்லை என 2004இல் தீர்ப்பாயிற்று. அவ்வழக்கில் பெற்றோரின் வாதத்தை மறுத்தவர்களுள் ஒருவர், தாமே ஓட்டிசம் உள்ள மிஷேல் டோசன். கை உதறுவதும் உடலை ஆட்டுவதும் மனதை அமைதிப்படுத்தும் வழிகள், அவற்றை அடக்கப் பழக்குவது துன்பம் என்று ஓட்டிசத்தோடு வளர்ந்த பெரியவர்கள் பலர் சொல்கின்றனர்.

ஆகவே, பயிற்சி எதற்காக என்பதே முதற் கேள்வி. தெருவுக்குள் ஓடாமல் நிற்பதும், பசியையும் வலியையும் தெரிவிப்பதும் பிள்ளைக்கே உதவும். கோயில் மணிக்குக் காதைப் பொத்தாமல் இருக்கப் பழக்குவது யாருக்கு உதவும்? பெரியவரின் கண்ணை நேரே பாராதிருப்பது எங்கள் ஊரில் மரியாதை. இங்கே அதையே குறையாக எழுதிவிடுவார்கள்.

பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவை:

1. எங்கள் பிள்ளைக்கு எந்த இலக்குகள், ஏன்?
2. பிள்ளை அழுதால், மறுத்தால் என்ன செய்வீர்கள்?
3. நாங்கள் அருகில் இருந்து பார்க்கலாமா?
4. பலன் இல்லையென்றால் எப்போது மாற்றுவீர்கள்?

வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னால் அவசரப்பட்டு இணங்காதீர்கள். இரு மொழி கேட்பதால் ஓட்டிசப் பிள்ளையின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அம்மம்மாவின் மொழி அப்பிள்ளைக்கும் உரியது.

தாயும் தகப்பனும் ஒன்றாக இருந்து விடைகளை எழுதிவைத்து, மூன்று மாதத்தில் மீண்டும் பாருங்கள்.