டைசன் டிவியில் இல்லாத ஆப்

புது டிவி டைசன் இயங்குதளத்தில் ஓடுகிறது. மகன் போனில் பார்க்கும் ஓடிடி ஆப் அதில் இல்லை. பென் டிரைவில் ஏபிகே ஏற்றியும் பலனில்லை. வழி உண்டா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

உண்டு. ஏபிகே ஆண்ட்ராய்டுக்கான கோப்பு. டைசனுக்கு அது புரியாது. பென் டிரைவை விட்டுவிடுங்கள். டிவியின் எச்டிஎம்ஐ துளையில் ஃபயர் டிவி ஸ்டிக்கோ, கூகுள் டிவி கருவியோ செருகினால் போதும்: ஆப் கருவியில் ஓடும், டிவி வெறும் திரையாக இருக்கும். உங்கள் ஆப் அதில் கிடைக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செலவு வேண்டாமென்றால், லேப்டாப் பிரவுசரில் ஓடிடி தளத்தைத் திறந்து எச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் இணையுங்கள். பிரவுசர் கைகொடுப்பது புதிதல்ல. கூகுள்–அமேசான் தகராறில் 2018 தொடக்கத்தில் ஃபயர் டிவியிலிருந்து யூடியூப் ஆப் போனது. 2019 ஜூலையில் திரும்பும்வரை சில்க், ஃபயர்பாக்ஸ் பிரவுசர்கள்தான் துணை.

போன் திரையை டிவிக்கு அனுப்பியும் பார்க்கலாம். சில ஆப்களில் மட்டும் ஒலி வரும், படம் கருப்பாகிவிடும். அது திருட்டைத் தடுக்கும் பூட்டு, டிவியின் பழுதல்ல.